சீனுவை நான் சாமி என்று கூப்பிடாத நாட்கள்

கார்த்திகை மாதம், இரண்டாவது வியாழக்கிழமை, விடியற்காலை ஐந்தரை மணி. என் மனைவி மலர்க்கொடி வாசலில் சாணம் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். குனிந்திருந்தவளின் பிடரியில் ஒரு கை விழுந்தது. தாலிச் சங்கிலி அறுந்து போனது. இழுத்த வேகத்தில் அவள் முன்னால் விழுந்தாள். நெற்றி படிக்கட்டின் விளிம்பில் மோதியது.

நான் பின்கட்டில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். அவள் கத்தவில்லை. டப்பா உருளும் சத்தம்தான் கேட்டது. நான் வாசலுக்கு வந்தபோது அவள் கோலத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கீறல். நெற்றியில் ரத்தம். கை மட்டும் சிந்திய கோலமாவை அள்ளி அள்ளி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தது.

நான் இருபத்திரண்டு வருடங்களாக ஒரு தமிழ் நாளிதழுக்கு ஆரணியிலிருந்து செய்தி அனுப்புகிறேன். பகுதி நேர நிருபர். வழிப்பறி, பூட்டிய வீட்டில் திருட்டு, பைக் திருட்டு, கஞ்சா. 'மர்ம நபர்' என்ற சொல்லை எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அன்று அந்த மர்ம நபர் என் வாசலுக்கு வந்து போயிருந்தான்.

அதற்குப் பிறகு நான் செய்தவற்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அம்மன் என் பிரார்த்தனைக்குப் பதில் கொடுத்தாள் என்று எங்கள் தெருக் கோயிலில் ஏற்கெனவே ஒரு முறை மைக் பிடித்துச் சொல்லியிருக்கிறேன். அது உண்மையல்ல. உண்மையான பதில் பிறகு வந்தது. வந்தபோது என்னால் தலை நிமிர முடியவில்லை.

மலர்க்கொடியிடம் அன்று நான் கேள்விகள் கேட்டேன். செய்தி சேகரிக்கப் போன இடத்தில் கேட்பதுபோலவே கேட்டேன். ஆளைப் பார்த்தாயா? பார்க்கவில்லை. உடை? "கறுப்பு வேட்டி. வெறுங்கால்ல ஓடுச்சு" என்றாள். குப்புற விழுந்து கிடந்தவளின் கண்ணுக்கு அவ்வளவுதான் தெரிந்திருக்கிறது. தாடி இருந்ததா? தெரியாது. வேறு ஏதாவது? வண்டிச் சத்தம் மாதிரி கேட்டது என்றாள். "அது பக்கத்து வீட்டு பவர்லூம்" என்றேன். எங்கள் தெருவில் அந்த நேரத்துக்கு பவர்லூம் ஓட ஆரம்பித்துவிடும். அவள் மறுத்துப் பேசவில்லை. பேசும் நிலையில் இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் புறப்படும் முன் செல்போனை எடுத்து வாசலைப் படம் பிடித்தேன். இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். முதலில் படம். பிறகுதான் ஆட்டோ.

படத்தில் பாதிக் கோலம் இருந்தது. கொட்டிய மாவின் மேல் ஒரு வெறுங்காலின் தடம் தெளிவாகப் பதிந்திருந்தது. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தபடியே அந்தக் கால் தடம் மட்டும் தெரியும்படி படத்தை வெட்டினேன். கறுப்பு வேட்டி, தாடி என்று அடையாளம் எழுதிச் செய்தியோடு அனுப்பினேன். மறுநாள் நான்கு பத்தியில் வந்தது.

மலர்க்கொடிக்கு நெற்றியில் தையல் போட்டார்கள். கழுத்து வீங்கி இரண்டு நாள் கஞ்சிதான் இறங்கியது. காயம் ஆறிவிடும் என்று டாக்டர் சொன்னார். ஆனால் அவள் வாசலுக்கு வரவில்லை. உட்கார்ந்தால் சுவரில் முதுகைச் சாய்த்துத்தான் உட்கார்ந்தாள். எங்கள் வீட்டுத் தறியில் உட்கார்ந்தால் முதுகு தெருக்கதவைப் பார்க்கும். அதனால் தறியிலும் உட்காரவில்லை. பாதி நெய்த சேலை அப்படியே கிடந்தது. வாசலில் கோலம் இல்லை. கார்த்திகை மாதத்தில் கோலம் இல்லாத வாசலைப் பார்த்தவர்கள் எங்கள் வீட்டில் யாரோ இறந்துவிட்டதாக நினைத்து நின்று விசாரித்தார்கள்.

நான் உடைந்து போயிருந்தேன். எனக்கு உடைவது என்றால் கோபம்தான். சங்கிலி போன அன்று மாலையே அம்மன் கோயிலுக்குப் போனேன். "எடுத்தவன் யாருன்னு மூணு நாள்ல காட்டு. காட்டினா உன் சன்னிதியில எல்லார் முன்னாலயும் சொல்றேன்" என்று வேண்டிக்கொண்டேன்.

கேட்கும்போதே ஒரு பெயர் என் மனதில் இருந்தது. அம்மனுக்கு நான் விட்டுவைத்த வேலை, அதற்குத் தலையசைப்பது மட்டும்தான்.

அந்தப் பெயர் சீனு. எங்கள் தெருக் கடைசியில் அம்மாவோடு இருப்பவன். முப்பது வயது. பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறையில் வேலை. நான்கு வருடங்களுக்கு முன்பு வேலை பார்த்த பட்டறையிலேயே நூல் மூட்டையைத் திருடி ஆறு மாதம் சிறையில் இருந்தான். அதையும் நான்தான் செய்தியாக எழுதினேன். வெளியே வந்த பிறகு ஏழுமலை குருசாமியின் ஐயப்ப பக்தர் குழுவில் சேர்ந்தான். இது அவனுக்கு மூன்றாவது வருட மாலை.

கார்த்திகையில் எங்கள் தெருவில் பத்துப் பேராவது மலைக்கு மாலை போட்டிருப்பார்கள். கறுப்பு வேட்டி, தாடி, செருப்பில்லாத கால். மாலை போட்டவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. முதலாளியானாலும் கறிக்கடைக்காரரானாலும் 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும். அவர்களும் எதிரில் வருகிறவர்களை சாமி என்றே கூப்பிடுவார்கள். சீனு தினமும் காலையில் கோயில் குழாயில் குளித்துவிட்டு என் வீட்டைத் தாண்டிப் போகும்போது "சாமி சரணம், சாமி" என்பான். நான் தலையை மட்டும் ஆட்டுவேன். மூன்று வருடங்களில் ஒரு நாள்கூட அவனைத் திரும்ப சாமி என்று சொன்னதில்லை. வாய் வரவில்லை.

வழக்கை விசாரித்த இன்ஸ்பெக்டர், யார் மீதாவது சந்தேகம் இருக்கிறதா என்று கேட்டார். சீனுவின் பெயரைச் சொன்னேன். அவர் தயங்கினார்.

"மாலை போட்டுகினு இருக்கான் சார்."

"வேஷம் போட இதவிட நல்ல மாசம் எது?" என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் மண்டபத்தில் பூஜை நடந்துகொண்டிருக்கும்போது இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். நானும் கேமராவோடு போயிருந்தேன். சீனு ஓடவில்லை. ஒரு நிமிடம் கேட்டான். தன் அம்மா பட்டம்மாள் முன்னால் வந்து நின்று தலையைக் குனிந்தான்.

"நீ கழட்டும்மா. இத்தோட அடி வாங்கக் கூடாது."

மலைக்குப் போய் வந்த பிறகு கழற்ற வேண்டிய மாலை. அதை நடுவில் பெற்றவள் கையால் கழற்றச் சொன்னான். பட்டம்மாள் கழற்றினார். மணிகள் அவன் காதில் சிக்கிக்கொண்டன. குருசாமி அந்த மாலையை வாங்கி ஐயப்பன் படத்தின் மேல் சாத்தினார். நான் படம் எடுத்தேன். வெறும் கழுத்தோடு சீனு ஜீப்பில் ஏறும் படம்.

ஸ்டேஷனில் அவன் சொன்னதை அங்கேயே நின்று கேட்டேன். குளித்துவிட்டு வரும்போது பைக்கில் வந்த ஒருவன் எங்கள் வாசலில் குனிந்து எதையோ இழுப்பதைப் பார்த்திருக்கிறான். உடனே துரத்தியிருக்கிறான். தெரு முனை வரை ஓடியும் பிடிக்க முடியவில்லை. திரும்பி வந்தபோது என் வீட்டு முன்னால் கூட்டம். அப்படியே போய்விட்டான்.

"ஏண்டா வந்து சொல்லல?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"என்ன அங்க பாத்தா இன்னா நெனப்பாங்கன்னு எனக்குத் தெரியும் சார்" என்றான்.

அந்தப் பதிலை நான் நோட்டில் எழுதிக்கொள்ளவில்லை. அவனை அடித்தார்களா என்று பிறகும் நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் எழுத வேண்டி வரும்.

திங்கட்கிழமை செய்தி வந்தது. பக்தர் வேடம், பழைய குற்றவாளி, கைது. மூன்றும் தலைப்பில் இருந்தன. நான் வேண்டிக்கொண்டபடியே மூன்று நாளில் ஆள் பிடிபட்டுவிட்டான். வெள்ளிக்கிழமை பூஜைக்குப் பிறகு மைக்கை வாங்கி, அம்மன் எப்படி என் குரலைக் கேட்டாள் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். கைதட்டினார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நன்றாகத்தான் பேசினேன்.

வீட்டுக்கு வந்து மலர்க்கொடியிடம் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"அவன்தான்னு நான் சொன்னேனா?"

அடுத்த நாள் ஒரு தொடர் கட்டுரைக்காகக் குருசாமியைப் பார்க்கப் போனேன். குற்றப் பின்னணி உள்ளவர்களுக்கு மாலை போட்டுவிடுவது சரியா என்பது கட்டுரையின் கேள்வி. ஊரில் பலரும் அதைத்தான் கேட்டார்கள். நாளுக்கு நாள் திருட்டு கூடுகிறது. கோயில்களும் கூடுகின்றன. உண்டியலுக்கே இரண்டு பூட்டு போடுகிறோம். அப்படியானால் இத்தனை பக்தியும் என்னதான் செய்கிறது?

ஏழுமலை குருசாமி பவர்லூம் மெக்கானிக். அறுபது வயதைத் தாண்டியவர். ஒரு தறிக்கு அடியில் படுத்திருந்தார். எழுந்திருக்காமலே பதில் சொன்னார்.

"உங்க பேப்பர்ல வேலைக்கு சேத்தப்ப உங்க பூர்வீகம்லாம் விசாரிச்சாங்களா ரிப்போர்ட்டரே?"

அது வேறு என்றேன். குற்றம் செய்தவன் மாலை போட்டதும் திருந்திவிடுவானா என்று கேட்டேன். அவர் வெளியே வந்து கையைத் துணியில் துடைத்தார்.

"திருந்திடுவான்னு நான் எங்க சொன்னேன்? நாப்பத்தோரு நாள் அவன சாமின்னு கூப்புடறோம். ஜெயிலுக்குப் போய் வந்தவன ஊர்ல எல்லாம் வேற பேர் சொல்லித்தான் கூப்புடுது. இத கேட்டுகினே இருந்தா கொஞ்சமாச்சும் உள்ள ஒட்டாதா? அவ்ளோதான் நம்ம வேலை. மீதி மலையில இருக்கறவன் பாத்துப்பான்."

பிறகு என்னை ஒரு தரம் பார்த்தார். "நீங்க அவன எப்பவாச்சும் அப்பிடி கூப்டிருக்கீங்களா?"

நான் நோட்டை மூடினேன். கட்டுரை எழுதவில்லை. எழுதாததற்கு அப்போது நான் சொல்லிக்கொண்ட காரணம் நேரமில்லை என்பது.

ஞாயிற்றுக்கிழமை பட்டம்மாள் என் வீட்டுக்கு வந்தார். நான் கதவருகே நின்றேன். மன்றாட வந்திருக்கிறார் என்று நினைத்து, அதற்கான பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவர் என்னைத் தாண்டி உள்ளே பார்த்து, "மலரு, கழுத்து வலி தேவலையாம்மா?" என்று கேட்டார். மலர்க்கொடி தலையசைத்தாள். அதன் பிறகுதான் அவர் என் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை.

"அவன் எடுத்திருந்தான்னா நானே அவனுக்கு சோறு போட மாட்டேன் சார். போன தபா ஆறு மாசமும் போய் பாக்கல, கேட்டுப் பாருங்க. எடுக்கலன்னா நீங்க இன்னா பண்ணுவீங்க?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. போகும்போது கோலமில்லாத வாசலைப் பார்த்து ஒரு நொடி நின்றார். கோலம் இருக்க வேண்டிய இடத்தை மிதிக்காமல் ஓரமாக இறங்கிப் போனார்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. செய்தி அனுப்ப உட்கார்ந்தால் வந்தது. சாப்பிட உட்கார்ந்தால் வந்தது. எடுக்கவில்லை என்றால்? நான் பார்த்தது என்ன, நினைத்துக்கொண்டது என்ன என்று பிரித்துப் பார்த்தேன். இருபத்திரண்டு வருடங்களாக மற்றவர்களிடம் கேட்கும் கேள்வி இது. கறுப்பு வேட்டியும் வெறுங்காலும் மலர்க்கொடி பார்த்தவை. தாடி நான் சேர்த்தது. வண்டிச் சத்தம் அவள் சொன்னது. பவர்லூம் நான் சேர்த்தது. பெயர் முழுக்க முழுக்க என்னுடையது.

செவ்வாய்க்கிழமை கார்த்திகை தீபம். அண்ணாமலை உச்சியில் தீபம் ஏற்றியதும் தெருவில் எல்லா வாசலிலும் விளக்கு வரிசை எரிந்தது. மலர்க்கொடி வாசலுக்கு வரவில்லை. ஜன்னல் மாடத்தில் இரண்டு விளக்கு வைத்தாள். தெருக் கடைசியில் ஒரு வீடு மட்டும் இருட்டாக இருந்தது. அது பட்டம்மாள் வீடு. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பிறகு பூஜை அலமாரி முன்னால் போய் உட்கார்ந்தேன். இந்த முறை கட்டளை போட வாய் வரவில்லை. "தாயே, அவனத்தான் காட்டுன்னு உன்கிட்ட கேட்டேன். அது வேண்டுதலே இல்ல. எனக்குத் தெரியாதது எதுவோ அத காட்டு. அது எம்மேல வந்தாலும் பரவால்ல" என்றேன். சொல்லி முடித்ததும் பயமாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், என் மேல் வரக் கூடாது என்றும் மனதுக்குள் ஒரு குரல் வேண்டிக்கொண்டுதான் இருந்தது.

மறுநாள் புதன்கிழமை. விடிந்து வெளிச்சம் வந்திருந்தது. மலர்க்கொடி தானாக எழுந்து வந்து கோலமாவு டப்பாவை எடுத்தாள். பதிமூன்று நாட்களுக்குப் பிறகு.

"நீங்க பக்கத்துல நில்லுங்க. நான் போடறேன்" என்றாள். போய் நின்றேன். வாசலைப் பெருக்கித் தெளித்துவிட்டு நிமிர்ந்தாள். அன்றைக்குப் பாதியில் நின்ற அதே கோலத்தை முடிக்க வேண்டும் என்றாள். எந்த வரிசையில் நிறுத்தினோம் என்று மறந்துவிட்டது. "அன்னிக்கி படம் புடிச்சீங்களே, அத காட்டுங்க."

பேப்பரில் வந்த படத்தைக் காட்டினேன். "இதுல காலுதான் இருக்குது. கோலம் எங்க?" என்றாள். வெட்டுவதற்கு முன்னால் எடுத்த முழுப் படத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்கு வெட்டிய பிறகு நான் அதைத் திறந்ததே இல்லை.

அவள் படத்தைப் பெரிதாக்கிப் புள்ளிகளை எண்ணிக்கொண்டே போனாள். கோலத்தின் இடது ஓரத்தில் விரல் நின்றது.

"இது இன்னாங்க கோடு?"

கோலத்தின் வெளி ஓரமாக நீளமாக ஒரு வெள்ளைப் பட்டை போனது. பார்டர் கோடு என்று நினைத்தேன். அப்படியே சொன்னேன்.

"இது நான் போட்டது இல்ல. நான் இன்னும் பார்டருக்கே வரல. பதினஞ்சு புள்ளியில எட்டுதான் சுத்தி முடிச்சேன்" என்றாள். "அதுவுமில்லாம இவ்ளோ அகலமா யாரு இழுப்பா?"

போனை வாங்கிப் பார்த்தேன். கோடு ஒரே வெள்ளையாக இல்லை. உள்ளே வரிவரியாக இருந்தது. டயர் தடம். சாணம் தெளித்த ஈரத்தில், சிந்திய மாவின் மேல் ஏறிப் போன பைக் டயர். அதன் மேல், நான் வெட்டி எறிந்த மூலையில், இரண்டாவது கால் தடம் இருந்தது. வெறுங்கால். ஐந்து விரலும் அந்த டயர் வரிகளை அழித்துக்கொண்டு பதிந்திருந்தன.

கால் டயருக்கு மேல் இருந்தது. அப்படியென்றால் பைக் முதலில் போயிருக்கிறது. வெறுங்காலோடு ஓடியவன் அதற்குப் பின்னால் ஓடியிருக்கிறான்.

சீனு சொன்னது அப்படியே என் போனில் பதிமூன்று நாட்களாக இருந்திருக்கிறது. அந்த மூலையை வெட்டியது என் விரல்.

நான் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். மலர்க்கொடிக்கு எதையும் விளக்கத் தேவையிருக்கவில்லை. "வண்டி சத்தம்னு நான் அன்னிக்கே சொன்னேன்" என்று மட்டும் சொன்னாள். குனிந்து கோலம் போடத் தொடங்கினாள். முதுகைத் தெருவுக்குக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைக்கூட நான் சற்று நேரம் கழித்துத்தான் கவனித்தேன். அம்மனிடம் நான் கேட்டிருந்தது ஒன்று. அவள் அந்தக் காலையில் இரண்டு கொடுத்திருந்தாள்.

ஸ்டேஷனுக்குப் போனேன். சீனு மேல் சொன்ன சந்தேகம் தவறு என்று என் கைப்பட எழுதிக் கொடுத்தேன். படத்தைக் காட்டினேன். இன்ஸ்பெக்டர் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"நீங்க சொன்னா கரெக்டா இருக்கும்னு நெனச்சேன் சார். என் தப்பு" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

பைக்கைத் தேடத் தொடங்கிய பிறகு வேலை சீக்கிரம் நடந்தது. சங்கிலி போன அதே காலையில் கண்ணமங்கலத்தில் ஒரு டீக்கடைக் கேமராவில் அந்த பைக் பதிவாகியிருந்தது. பைக்கே திருட்டு பைக். வேலூர்ப் பக்கம் இரண்டு பேர் பிடிபட்டார்கள். அதில் ஒருவன் எங்கள் தெருவையும் சேர்த்து ஐந்து இடங்களைச் சொன்னான். சங்கிலி கிடைக்கவில்லை, உருக்கிவிட்டார்கள். மலர்க்கொடி மஞ்சள் கயிற்றில் தாலி கட்டிக்கொண்டிருக்கிறாள். இதுவே போதும் என்கிறாள்.

கோர்ட் நடைமுறை முடிந்து மார்கழி பிறந்து நான்காவது நாள் சீனு வெளியே வந்தான்.

அலுவலகத்துக்குப் போன் செய்து மறுப்புச் செய்தி போட வேண்டும் என்றேன். போட்டார்கள். முதல் செய்தி நான்கு பத்தி, படத்தோடு. திருத்தம் நான்கு வரி, உள்பக்கத்தில், ஒரு டிராக்டர் விளம்பரத்துக்குக் கீழே. அதைப் படித்தவர்கள் எங்கள் தெருவில் யாரும் இல்லை. அதனால் வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் அதே மைக்கைக் கேட்டு வாங்கினேன்.

பார்க்காத தாடியை எழுதினேன் என்று சொன்னேன். மனைவி கேட்ட சத்தத்தை மாற்றினேன் என்று சொன்னேன். படத்தை வெட்டினேன், அம்மன் காட்டாததைக் காட்டினாள் என்று இதே இடத்தில் பொய் சொன்னேன் என்றேன். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"அன்னிக்கி நாங்க தட்டின கைய இன்னா சார் பண்றது?"

சிலர் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு வேண்டியிருந்தது. குருசாமி மட்டும் சிரிக்காமல், "எல்லாருந்தான் தட்டினோம்" என்றார்.

சீனுவின் வீட்டுக்குப் போக மூன்று நாள் தைரியம் வரவில்லை. நான்காவது நாள் காலை போனேன். ஐயப்ப மாலை அவன் கழுத்தில் மறுபடியும் இருந்தது. விரதம் நடுவில் நின்றுவிட்டதே, மலைக்குப் போகலாமா என்று சிலர் குருசாமியிடம் கேட்டிருக்கிறார்கள். அவர் சீனுவிடமே கேட்டிருக்கிறார். உள்ளே இருந்தபோதும் இரண்டு வேளை பச்சைத் தண்ணீரில் குளித்திருக்கிறான். வெறும் தரையில் படுத்திருக்கிறான். "கழுத்துலதான் இல்ல குருசாமி" என்றானாம். அதோடு பேச்சு முடிந்துவிட்டது.

நான் மன்னிப்புக் கேட்டேன். எழுதி வைத்து மனப்பாடம் செய்துகொண்டு போன வாக்கியங்கள். பாதியில் மறந்துவிட்டன. சீனு என் முகத்தைப் பார்க்கவில்லை. சாயம் ஏறிய தன் நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்கம்மா உங்க பேப்பர எட்டா மடிச்சி அரிசி டப்பாக்குள்ள வெச்சிருக்காங்க. எனக்குத் தெரியக் கூடாதுன்னு" என்றான். "நான் பாத்துட்டேன்."

மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கும் உரிமையில்லை.

அடுத்த ஞாயிறு இருமுடி கட்டு. மலைக்குப் புறப்படுகிறவர் ஒவ்வொருவரும் தலையில் சுமக்கும் கட்டு அது. தேங்காயில் நெய் நிரப்பி வைப்பார்கள். உறவும் தெருவும் வந்து ஆளுக்கு ஒரு பிடி அரிசி அதில் போடும். மலைக்குப் போக முடியாதவர்களின் வேண்டுதல் அந்த அரிசியோடு போகும் என்பது நம்பிக்கை. போகிறவர்களின் காலில் வயது பார்க்காமல் விழுந்து வணங்குவதும் வழக்கம்.

நானும் மலர்க்கொடியும் போயிருந்தோம். நான் மண்டபத்துத் தூணுக்குப் பின்னால் நின்றேன். சீனுவின் முறை வந்தது. பட்டம்மாள் முதலில் போட்டார். மலர்க்கொடி போட்டாள். அவள் கழுத்தில் இருந்த மஞ்சள் கயிற்றை சீனு பார்த்ததை நான் பார்த்தேன். வரிசை முடிந்தது. குருசாமி கட்டை முடிச்சுப் போடக் கயிற்றை எடுத்தார்.

"இருங்க குருசாமி" என்றான் சீனு. தூண் பக்கம் திரும்பினான்.

"சாமி, ஒரு பிடி போடுங்க."

எல்லோரையும் கூப்பிடும் அதே குரல். கூட ஒன்றும் இல்லை, குறைய ஒன்றும் இல்லை. தினமும் காலையில் என் வாசலைத் தாண்டும்போது மூன்று வருடங்களாகக் கூப்பிட்டதும் இப்படித்தான்.

முன்னால் போனேன். அரிசியை அள்ளினேன். போட்டதில் பாதி வெளியே சிந்தியது. சிந்தியதைப் பொறுக்கிப் போட்டேன். பிறகு அவன் காலில் விழுந்தேன். டயர் தடத்தின் மேல் பதிந்திருந்த அதே கால். எழுந்தபோது வாய் தானாக வந்தது.

"சரணம், சாமி" என்றேன்.

இது நடந்து இரண்டு வருடங்கள் ஆகின்றன. இப்போதும் நான் நிருபர்தான். இப்போதும் ஊரில் திருட்டு நடக்கிறது, நான் எழுதுகிறேன். தீர்ப்பு வரும் வரை யாரையும் என் எழுத்தில் குற்றவாளி என்று கூப்பிடுவதில்லை. படத்தை வெட்டுவதில்லை, வெட்டாமல் அனுப்பி அலுவலகத்தில் திட்டு வாங்குகிறேன். கார்த்திகை பிறந்ததும் குருசாமியின் மண்டபத்தில் தரை கழுவுகிறேன். மாலை போட எனக்கு இன்னும் துணிவு வரவில்லை. சீனு மறுபடியும் தவறு செய்ய மாட்டான் என்று யாரும் எனக்கு எழுதிக் கொடுக்கவில்லை. நான் செய்ய மாட்டேன் என்றும் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அதனால் இரண்டு பேரையும் அந்த மண்டபத்தில் சாமி என்று கூப்பிடுகிறார்கள். நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

இதைப் படிக்கும் உங்களில் யாருடைய வாசலிலாவது இப்படி ஒரு கை விழுந்திருந்தால், அம்மனிடம் போங்கள். தயங்காமல் போங்கள். அவள் கேட்பாள், பதிலும் சொல்வாள். எனக்கு அதில் இப்போது சந்தேகமே இல்லை. ஒன்று மட்டும் செய்யாதீர்கள். போகும்போது யார் பெயரையும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். வெறுங்கையோடு போய் நில்லுங்கள். அவள் காட்டுவது உங்கள் போனிலேயே இருக்கலாம். நீங்கள் வெட்டிப் போட்ட மூலையில் இருக்கலாம்.